வேலியில் போகிற பச்சோந்தி

தேர்தல் வந்தால் போதும், தமிழ்நாட்டில் அதிகமாகத் திட்டு வாங்குகிற பிராணி பச்சோந்திதான். கூட்டணி மாறினால் பச்சோந்தி, கொள்கை மாறினால் பச்சோந்தி, கொடுத்த பேட்டியை மறுத்தாலும் பச்சோந்தி. இப்படித் திட்டுகிறவர்களை நிறுத்தி, "ஐயா, நிஜப் பச்சோந்தியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வேலியோரம் தலையைத் தலையை ஆட்டுகிற, கழுத்து சிவந்த ஓணானைக் கைகாட்டுவார்கள். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. (மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில் பல்லவர் காலத்துச் சிற்பி ஒரு பூனையைத்தான் தவக்கோலத்தில் நிற்க வைத்திருக்கிறார், சுற்றிலும் எலிகளோடு. போலி வேஷத்துக்கு அவருக்குப் பச்சோந்தி தேவைப்படவில்லை பாருங்கள்!)

இத்தனை நாள் திட்டுவதற்கு மட்டும் பயன்பட்ட இந்தப் பிராணிக்கு இப்போது திடீர் மவுசு வந்திருக்கிறது. என் வகுப்பிலேயே இரண்டு பேருக்குப் பச்சோந்தி வளர்க்க ஆசை. ஒன்று இரண்டு இல்லை. ஏமன் நாட்டு வகையில் ஒரு ஜோடி, மடகாஸ்கரிலிருந்து நாலு நிறத்தில் நாலு, ஆப்பிரிக்க மலையிலிருந்து மூன்று கொம்பு வைத்த ஒன்று என்று வகை வகையாகச் சேர்த்து, ஒரு அறை முழுக்கக் கூண்டு அடுக்கி வைக்க வேண்டுமாம். வெளிநாட்டுக்காரர்கள் அப்படி வளர்ப்பதை வீடியோவில் பார்த்ததன் விளைவு. "தப்பா என்ன? நாய் வளர்க்கலாம், கிளி வளர்க்கலாம், இதை வளர்க்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் "பாவம், அதுவும் ஒரு உயிர்தானே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்கிற கூடாது இல்லை அது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஆசையை மதிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பச்சோந்தியைப் பார்த்து ஆசைப்படாதவன் கண்ணில் ஏதோ கோளாறு. இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று பூச்சியைப் பார்க்க, இன்னொன்று முதுகுக்குப் பின்னால் நிற்கிற உங்களைப் பார்க்கும். விரல்கள் இரண்டு ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கமாக ஒட்டி, இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும். வால் ஐந்தாவது கை. நாக்கு உடம்பை விட நீளம். நடக்கும்போது காற்றில் ஆடுகிற இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒரு அடி வைக்கும். உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில். அங்கே 2021-ல் அறிவிக்கப்பட்ட ஒரு வகையின் ஆண், வாலைச் சேர்த்து அளந்தாலும் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே தீவில் பூனை நீளத்துக்கு வளர்கிறதும் உண்டு. லபோர்டு பச்சோந்தி என்று ஒன்று, முட்டைக்குள் எட்டொன்பது மாதம் இருந்துவிட்டு, வெளியே வந்து நாலைந்து மாதத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, செத்தும் போகிறது. வெளிச்சத்தில் வாழ்ந்ததை விட ஓட்டுக்குள் வாழ்ந்த காலம் அதிகம். இதையெல்லாம் படித்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

நிறம் மாறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும், கட்டம் போட்ட சட்டையில் விட்டால் கட்டம் கட்டமாக ஆகும் என்பதெல்லாம் கதை. கோபம், பயம், பெண்ணைக் கண்ட உற்சாகம், உடம்புச் சூடு இவற்றுக்குத்தான் பெரும்பாலும் நிறம் மாறுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதற்கான வழியைக் கண்டுபிடித்தார்கள். தோலில் உள்ள சில செல்களுக்குள் நுண்ணிய குவானின் படிகங்கள் வரிசையாக அடுக்கி இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. மேலே மஞ்சள் நிறமி இருப்பதால் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சி அடைந்தால் படிகங்களின் இடைவெளி அகலமாகி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போகிறது. அதாவது, ஊரை ஏமாற்ற நிறம் மாற்றுகிற பிராணி இல்லை இது. மனசில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாத பிராணி. அரசியல்வாதிகளுக்கு அந்தப் பெயர் எந்த விதத்திலும் பொருந்தாது :-)

இதில்தான் வளர்க்கிறவருக்குச் சங்கடமே தொடங்குகிறது. வீடியோவில் பளபளவென்று ஆரஞ்சும் நீலமுமாக மின்னுகிற பாந்தர் பச்சோந்தியைப் பார்த்து "என்ன அழகு!" என்கிறோம். அது பல நேரம் எதிரே இன்னொரு ஆணைப் பார்த்துவிட்டு "வெளியே போடா" என்று கத்துகிற நிறம். பச்சோந்தி தனிக்கட்டை. பக்கத்துக் கூண்டில் இன்னொன்று கண்ணில் பட்டாலே சில வகைகள் சாப்பிடாமல் படுத்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் தன் நிழலைப் பார்த்தே மிரளுகிறதும் உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்கத் தெரியாது. இலையில் சொட்டுகிற துளியைத்தான் நக்கும். யூவிபி விளக்கு இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். வெட்டுக்கிளிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவித் தர வேண்டும். ஏமன் வகைப் பெண் இருக்கிறதே, ஆணையே பார்க்காமல் கூட முட்டையிடும். தோண்ட ஏற்ற மண் கிடைக்கவில்லை என்றால் முட்டை வயிற்றிலேயே தங்கி, தாய் செத்துப்போகும்.

ஒரே வகை என்றால் இத்தனை பாடு. பல வகை என்றால்? ஏமன்காரனுக்கு நல்ல வெயில் வேண்டும். மடகாஸ்கர்காரனுக்கு ஈரப்பதம் வேண்டும். மூன்று கொம்பு ஜாக்சன் கென்யா மலைக்காரன், ராத்திரி குளிர்ந்தே ஆக வேண்டும். செங்கல்பட்டில், கத்திரி வெயிலில், மாடி அறையில், கரண்ட் போனால் விசிறியே இல்லாத வீட்டில் மூன்று நாட்டுப் பருவத்தைப் பக்கத்துப் பக்கத்தில் நடத்த முடியுமா? நமக்கே முடியவில்லை. உடம்புக்கு வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு போவது? மாட்டுக்கும் நாய்க்கும் டாக்டர் உண்டு, பச்சோந்திக்கு? அதுவும் நோய் முற்றுகிற வரை வெளியே காட்டிக்கொள்ளாத ஜென்மம். நேற்று வரை நன்றாக இருந்தது என்று சொல்லும்போது அது ஒரு மாதமாக நன்றாக இல்லாமல் இருந்திருக்கும்.

நாலு நிறத்தில் நாலு வேண்டும் என்றானே என் நண்பன், அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாந்தர் பச்சோந்தி மடகாஸ்கரில் ஊருக்கு ஒரு நிறம். அதே ஜெனீவா ஆட்கள் 2015-ல் மரபணுவைப் பார்த்து, இது ஒரே இனம் இல்லை, 11 தனித்தனி இனங்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆண்களைத்தான் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியும். பெண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். ஆக, வீட்டில் ஜோடி சேர்க்கிறவர் எதோடு எதைச் சேர்க்கிறார் என்பது பெரும்பாலும் விற்றவரின் வாய்வார்த்தைதான். இந்தக் கலப்புக் குஞ்சுகளைக் கொண்டுபோய் எந்தக் காட்டிலும் விட முடியாது. "அழியாமல் காப்பாற்றுகிறோம்" என்று சேகரிப்பாளர்கள் சொல்லும்போது எனக்கு இடிப்பது இந்த இடம்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் பச்சோந்தி, பாடப்புத்தகங்கள் நம் நாட்டுக்கென்று காட்டுகிற ஒரே வகை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடித்தாலும் குற்றம், வளர்த்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம். ஆனால் வெளிநாட்டுப் பச்சோந்தி? ரொம்ப காலம் அந்தச் சட்டம் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லையில் சுங்கத்துறையிடம் மாட்டாமல் உள்ளே வந்துவிட்டால் கேட்பாரில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது. ஆறு மாதத்துக்குள் தாங்களாக முன்வந்து கணக்குக் காட்டினால், எப்படி வந்தது என்று காகிதம் கேட்க மாட்டோம் என்று. 32,000-க்கும் மேற்பட்டோர் கணக்குக் காட்டினார்கள். கறுப்புப் பணத்துக்கு வருகிற மன்னிப்புத் திட்டம் மாதிரிதான். பிறகு 2022-ல் சட்டத்தைத் திருத்தி, சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராணிகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது அமலுக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குஞ்சு பொரித்தாலும் சொல்ல வேண்டும். கடைகளில் பரவலாக விற்கிற பச்சோந்தி வகைகள் எல்லாம் சைட்டிஸ் பட்டியலில் இருப்பவைதான்.

ஆக இன்றைய நிலைமை என்ன? திருப்போரூர்ப் பக்கம் புதரில் இருக்கிற பச்சோந்தியைத் தொட்டால் வழக்கு. மடகாஸ்கர் பச்சோந்தி என்றால் விண்ணப்பப் படிவம். நான் இரண்டாவதைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்துச் செய்திகளையும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் ஆமை, இகுவானா, மலைப்பாம்புக் குட்டி என்று வருஷம் தவறாமல் பிடிபடுகிறது. 2019 பிப்ரவரியில் ஒரு பெட்டியில் சிறுத்தைக் குட்டியே இருந்தது. அதை வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். துணிப்பையில் சுருட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொண்டுவருகிறார்கள். பிடிபடுவதைத்தான் நாம் படிக்கிறோம். பிடிபடாமல் வந்தது எங்கே போகிறது? நம்மை மாதிரி ஆசைப்பட்டவன் வீட்டுக்குத்தான்.

இந்த இடத்தில் நம் கிழவிகள் சொல்கிற பழமொழி ஒன்று இருக்கிறது. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு அழுதானாம். நாடுகளே இதைச் செய்திருக்கின்றன. ஹவாய்த் தீவில் 1972-ல் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் கென்யாவிலிருந்து ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது அவை வாடி வதங்கி இருந்தன. பாவமாக இருக்கிறதே, கொஞ்சம் தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தேறின. தேறியது மட்டுமா, பல தீவுகளுக்கும் பரவி, அங்கே மட்டுமே உள்ள நத்தைகளையும் பூச்சிகளையும் இன்று வரை தின்றுகொண்டிருக்கின்றன. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனிதர்தான். இரக்கப்பட்டார், அவ்வளவுதான்.

புளோரிடா கதை நமக்கு இன்னும் நெருக்கம். செல்லமாக வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும், வளர்க்க முடியாமல் விடப்பட்டும், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் முழுக்கப் பரவிவிட்டன. 1992-ல் அடித்த ஆண்ட்ரூ புயலில் பாம்பு வளர்ப்பு நிலையம் ஒன்று உடைந்ததும் சேர்ந்துகொண்டது. அங்கே இருந்த முயல், ரக்கூன் எல்லாம் அருகிப்போயின. நாய், கருவி, பரிசுப் போட்டி என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் 2017-ல் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம் செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த இருளர்கள், மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். கையில் ஒரு கடப்பாரை, இடுப்பில் தலைமுறை தலைமுறையான அனுபவம். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. ஆறு வருஷம் கழித்து, 2023-ல், இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் பார்த்தபோது எங்கள் தெருவே கொண்டாடியது. நானும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டின் சேகரிப்பு ஆசைக்கு இன்னொரு நாட்டின் கிராமத்து ஆள் போய்க் குனிந்து புல்லை விலக்க வேண்டியிருந்தது.

வகை வகையாக ஊர்வன வளர்ப்பது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்கா வரை போக வேண்டாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போங்கள். ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் 1976-ல் தொடங்கியது. நம் நாட்டு முதலைகள் மூன்று வகையும் அழிகிற நிலையில் இருந்தபோது, வளர்த்துப் பெருக்கி ஆறுகளில் விடுவதுதான் நோக்கம். சதுப்பு முதலை பெருகியது, எக்கச்சக்கமாகப் பெருகியது. ஆனால் 1990-களில் ஆறுகளில் விடுவது நின்றுபோனது. விட இடமில்லை, பெருகுவது நிற்கவில்லை. கடைசியில் 1000 முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகருக்கு அனுப்ப முடிவானது. அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்து, 2022-ல் தள்ளுபடி ஆனது. 2020-ல் கொரோனா வந்து வாசலைச் சாத்தியபோது டிக்கெட் வருமானம் நின்றது. முதலைக்கு ஊரடங்கு தெரியுமா, அதற்குச் சாப்பாடு போட்டே ஆக வேண்டும். பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். அதே வருஷ நவம்பரில் அல்டாப்ரா ராட்சத ஆமை ஒன்று அங்கிருந்து திருடும் போனது. யாரோ ஒரு "சேகரிப்பாளருக்கு" அது தேவைப்பட்டிருக்கலாம்!

இவர்கள் ஊர்வன வளர்ப்பில் கரை கண்டவர்கள். மருத்துவர், ஆராய்ச்சியாளர், அனுபவப்பட்ட வேலைக்காரர்கள் எல்லாம் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கே இந்தப் பாடு என்றால், படிப்பு முடிந்து வேலை தேடி எந்த ஊருக்குப் போவோம் என்றே தெரியாத நம்மிடம் ஏழெட்டு வகைப் பச்சோந்தி என்ன ஆகும்? அம்மா தலையில் விழும். அம்மாவுக்கு வெட்டுக்கிளியைக் கையில் பிடிக்கப் பழக்கம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். பச்சோந்திக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு ஈரம், முட்டையை எந்தச் சூட்டில் வைப்பது என்று இன்று உலகத்துக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி வீட்டில் வளர்த்தவர்கள் பொறுமையாகக் கண்டுபிடித்ததுதான். காட்டிலிருந்து பிடிக்காமல் கூண்டிலேயே பிறந்ததை வாங்குகிற யோக்கியர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒருவர் ஒரே ஒரு வகையை எடுத்து இருபது வருஷம் வளர்த்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் சண்டை "வகை வகையாக" என்கிற வார்த்தையோடுதான். ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் ஒன்றோடு இருப்பான். ஸ்டாம்பு சேர்க்கிற மாதிரி சேர்ப்பவனுக்கு இல்லாததுதான் எப்போதும் வேண்டியிருக்கும். ஸ்டாம்புக்குப் பசிக்காது.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு, இது சட்டத்தின் மீது. நம் ஊர்ப் பிள்ளைகள் பச்சோந்தியை எங்கே பார்ப்பார்கள்? ஓணானுக்கே இங்கே கதி இல்லை. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று கதை சொல்லி, தென்னை ஓலை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, கல்லால் அடித்துக் கொன்ற தலைமுறைகள் நாம். பச்சோந்தி கண்ணில் பட்டால் விஷம் என்று தடியெடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சமும் விஷம் கிடையாது. தனி ஆள் வளர்க்கக் கூடாது என்பது சரி. ஆனால் கிண்டி பாம்புப் பண்ணை, வடநெம்மேலி மாதிரி இடங்கள் நம்மூர்ப் பச்சோந்திக்கு உயிருள்ள புதர்களோடு நல்ல பெரிய இடம் ஒதுக்கி, இதுதான் அது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வனத்துறை தாராளமாக உதவலாம். இருளர் கூட்டுறவுச் சங்கம் நல்ல உதாரணம். 1978-ல் தொடங்கியது, இதே வடநெம்மேலியில். தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், சட்டம் வந்து பிழைப்புப் போனதும், அனுமதியோடு பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் போகிறது. பிடிப்பது, வைத்திருப்பது, விடுவது மூன்றும் சட்டத்துக்கு உட்பட்டே நடக்க முடியும் என்று நிரூபித்தவர்கள் அவர்கள்.

அதற்குள் காடு இருக்குமா என்பதுதான் என் பயம். காடு என்றால் நமக்குத் தேக்கும் யானையும்தான் ஞாபகம் வருகிறது. பச்சோந்திக்கு வேண்டியது காரையும் சூரையும் கள்ளியும் மண்டிய புதர். பத்திரத்தில் அதற்குப் பெயர் தரிசு. மனை போடுகிறவர் முதல் நாளே ஜேசிபியை விட்டு "சுத்தம்" செய்வது அதைத்தான். மரத்தை வெட்டினால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், புதரை வழித்தால் பாராட்டுவார்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புதராக இருந்த இடங்களில் இன்று கலர் கலராகக் கொடி பறக்கிறது. மடகாஸ்கர்க் காட்டுக்கு வருத்தப்படுகிற என் நண்பர்கள் யாரும் இதற்கு ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

வகை வகையாகப் பார்க்க ஆசை இருக்கிறவர்கள், முதலில் இந்த ஒரே ஒரு வகையைப் பாருங்களேன். பகலில் கண்டுபிடிக்கவே முடியாது, எதிரிலேயே இருந்தாலும் தெரியாது. ராத்திரியில் சுலபம். தூங்கும்போது நிறம் வெளுத்துப்போகும், கிளை நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். டார்ச் அடித்தால் கறுப்புப் புதரில் வெளிர்மஞ்சளாக அது மட்டும் தனியாகத் தெரியும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஊர் ஓரத்து வேலியே போதும். கூட வழி தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும், கட்டுவிரியனும் அதே நேரத்தில்தான் உலா வரும். வெளிச்சத்தை அதன் மீதே வைத்திருக்காமல், பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெண் பச்சோந்தி முட்டையிட மரத்திலிருந்து இறங்கும். குழி தோண்டி முட்டையைப் புதைத்துவிட்டு, ஆடி ஆடித் திரும்பி நடக்கும். இடையில் தார்ச்சாலை இருந்தால் அதையும் அதே வேகத்தில்தான் கடக்கும். வண்டியில் போகும்போது அப்படி ஒன்றைப் பார்த்தால் ஓரமாக நிறுத்துங்கள். வாயைப் பிளந்து சீறும், கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். கையால் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு குச்சியை முன்னால் நீட்டினால் தானாகவே ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்ததோ, அந்தப் பக்கத்துப் புதரில் குச்சியோடு வைத்துவிட்டு வாருங்கள்.